எதை விடச் சொன்னார்

சாய்ந்த மரத்தை அறுப்பது சுலபம் என்று நினைக்கிறவர்கள் எல்லோரும் என் முன்னால் வரிசையாக வந்து நில்லுங்கள், ஆளுக்கு இரண்டு வார்த்தை வாங்கிக்கொண்டு போகலாம். குடோன் மேனேஜரும் அந்த ரகம்தான். காலையில் நானும் கொழுந்தனும் வண்டியிலிருந்து மரம் அறுக்கிற மெஷினை இறக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"அது பாதி விழுந்த மரம்மா. லேசா ஒரு கீறு கீறினா மீதியும் விழுந்துடும். இதுக்குப் போயி ரெண்டு பேரு, கயிறு, ஆப்புன்னு எதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம்?"

"அப்ப நீங்களே கீறிடுங்க சார். நான் தள்ளி நின்னு பாத்துக்கறேன்."

சிரித்துக்கொண்டே ஆபீஸுக்குள் போய்விட்டார். போனால் சரி. மரம் விழுகிற இடத்தில் வேடிக்கை பார்க்க ஓர் ஆள் குறைவு.

மரம் குடோனுக்குப் பின்னால் ஒரு மூலையில் நின்றது. மழையில் மண் இளகி, பக்கத்திலிருந்த காலி மனையைப் பார்த்து ஒரேயடியாகக் குனிந்துவிட்டது. இப்படிக் குனிந்த மரத்துக்கு எடை முழுக்க ஒரே பக்கம். வயிற்றுப் பக்கம் நசுங்கிக்கொண்டும், முதுகுப் பக்கம் நார் நாராக இழுத்துக்கொண்டும் நிற்கும். விவரம் தெரியாமல் முதுகிலிருந்து நேராக அறுத்துக்கொண்டே போனால், பாதி அறுபடுவதற்குள் மரம் அவசரப்பட்டு முன்னால் போகும். அடிமரம் நெட்டுக்குப் பிளந்து, பின்பாதி எழும்பி, அறுக்கிறவன் முகத்தில் உதைக்கும். அதற்குப் பிறகு முகம் என்று ஒன்று இருக்காது.

அதனால் முன்பக்கம் வாய் திறந்த மாதிரி ஒரு வெட்டுப் போட்டுக்கொண்டு, பிளேடை மரத்தின் பக்கவாட்டில் குத்தி உள்ளே நுழைத்து, நடுவிலேயே அறுக்க வேண்டும். வாய்க்குப் பின்னால் கொஞ்சம் மரத்தை அறுக்காமல் விட வேண்டும், அதுதான் கீல். கதவு கீலில் திரும்புகிற மாதிரி மரம் அதில்தான் மடங்கும். முதுகுப் பக்கமும் கொஞ்சம் விட வேண்டும். அதற்குப் பிடி என்று பேர். எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் பிடியை அறுத்தால் மரம் போகும். அறுத்தவன் பின்பக்கம் கோணலாக நடந்து விலக வேண்டும். அந்த வழியை மெஷின் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே சுத்தம் செய்து வைத்திருக்க வேண்டும். எங்கள் தொழிலில் அதற்கு 'ஓடுற வழி' என்று பேர். ஓடுற வழி இல்லாமல் மெஷினைத் தொடுகிறவனுக்கு என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சோறுகூடப் போடவிடமாட்டார்.

என் வீட்டுக்காரருக்கு ஊரில் பேர் 'கோணல்'. கோணல் மரமா, கூப்பிடு கோணலை என்பார்கள். கல்யாணமான புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோணல் பெண்டாட்டி என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் இனிக்கும்? அவருக்கு அதில் பெருமை வேறு. மரம் விழப்போகிற இடத்தில் ஒரு குச்சியை நட்டுவைப்பார். மரம் வந்து அந்தக் குச்சியை மண்ணுக்குள் ஆணி மாதிரி இறக்கும். எங்கள் மகள் குழந்தையாக இருந்தபோது தூர நின்று கை தட்டுவாள். "எங்கப்பா மரத்துகிட்ட சொல்லிட்டாருன்னா மரம் கேட்டுக்கும்" என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

அவருடைய தம்பிதான் இப்போது மெஷின் பிடிக்கிறவன். நெட்டைக் கால், மெலிந்த உடம்பு. அண்ணன் வைத்த பேர் கொக்கு. எனக்குக் கொழுந்தன் என்றாலும் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவன். வாயைத் திறந்தால் கேலிதான். நான் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, "அண்ணி, இந்தக் கைய ஒரு மியூசியத்துல வைக்கணும், வேற யாரும் தொடாம" என்பான். அப்படி இருந்தவன் இப்போது பேசினால் அதுவே செய்தி.

காரணம் ஒரு வார்த்தை. அண்ணன் மெஷின் பிடித்த காலத்தில் ஒரு மதிலோரம் நடந்ததைச் சொன்னால்தான் அது புரியும்.

அன்றைய மரம் பக்கவாட்டில் ஒரு மதில் மேல் சாய்ந்திருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் வீடு. சாய்ந்த பக்கம் விழக்கூடாது என்று உச்சியில் கயிறு கட்டி, எதிர்ப்பக்கம் இழுத்து, ஒரு கட்டையில் சுற்றி, கொக்கு பிடித்துக்கொண்டிருந்தான். நான் வண்டியோரம் உட்கார்ந்து இன்னொரு செயினுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தேன். மேலே ஒரு காய்ந்த கிளை முறிந்து கயிற்றில் வந்து தொங்கியது. கொக்குக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே. ஒரு கையில் கயிறைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கிளையைப் பிடுங்கிப் பார்த்தான். அடியில் அறுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். மெஷினை உறுமவிட்டபடியே, தம்பி கண்ணில் படுவதற்காக ஓர் எட்டு மதில் பக்கம் நகர்ந்து வந்து கத்தினார்.

"விடுடா! விடு…"

கொக்கு கயிறை விட்டான்.

கீல் ஒரு பக்கமாகக் கிழிந்தது. மரம் தான் சாய்ந்திருந்த பக்கமே திரும்பி உட்கார்ந்தது. அவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். இதற்கு மேல் எனக்குச் சொல்ல வராது.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, கொக்கு சமையலறை வாசலில் வந்து நின்றான். "அண்ணி, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க. அண்ணன் எதை விடச் சொன்னாரு? கயிறையா, கிளையையா?" என்று கேட்டான்.

"மெஷின் சத்தத்துல எனக்குச் சரியா கேக்கலப்பா" என்றேன்.

கேட்டது. நன்றாகவே கேட்டது. கயிறை விடச் சொல்வதானால் "கயிறை விடு" என்று முழுசாகச் சொல்வார், அதிலும் கட்டளை மாதிரி வெட்டிச் சொல்வார். இது அது இல்லை. இது அவருடைய இன்னொரு 'விடு'. முதலில் ஒன்று பெரிதாக. அடுத்தது மெதுவாக, இழுத்து. நான் பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டுவிட்டு வந்து குதித்தால் என்னிடம் அதைத்தான் சொல்வார். மகள் பரீட்சையில் கோட்டைவிட்டு அழுதபோது அவள் தலையைத் தடவிச் சொன்னதும் அதுதான். "விடும்மா, விடு…" போனால் போகட்டும் என்று அர்த்தம். கிளை தொங்கினால் தொங்கட்டும் என்றுதான் அவர் சொன்னார்.

இதை நான் கொக்கிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னால் அவன் அப்படியே முடிந்துபோவான். மாற்றிச் சொன்னால், வாழ்நாள் முழுக்க ஒரு மரத்தையும் தப்பாகச் சாய்க்காத மனுஷன் கடைசி மரத்தில் புத்தி கெட்டுப்போய்க் கயிறை விடச் சொன்னார் என்று ஆகிவிடும். செத்த பிறகும் அவருக்கு அந்தப் பேர் வேண்டுமா? அதனால் கேட்கவில்லை என்றே இருந்துவிட்டேன்.

அப்புறம் எங்கள் வீட்டிலிருந்து அந்த வார்த்தையே காணாமல் போனது. யாரும் சட்டம் போடவில்லை. அந்த வார்த்தை வந்தாலே கொக்கு முகம் செத்துப்போகும், அதனால் நாங்கள் சுற்றி வளைக்கப் பழகிக்கொண்டோம். ஸ்கூல் விட்டாச்சா என்று கேட்கமாட்டோம். ஸ்கூல் முடிஞ்சுதா என்போம். தண்ணீர் விட மாட்டோம், ஊற்றுவோம். ஒரு வார்த்தை இல்லாமல் குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று நீங்கள் ஒரு நாள் செய்து பாருங்கள், தெரியும். அதிலும் 'சரி, விடு' என்று சொல்ல முடியாத வீட்டில் சண்டை எங்கே போய் முடியும்? எங்கள் சண்டைகள் முடியாமல் மூலைக்கு மூலை கிடந்தன.

ஒருமுறை தண்ணீர் மோட்டாரை அணைக்க மறந்ததற்காகச் சாப்பாட்டு நேரத்தில் கொக்கை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தேன். மகள் பொறுக்காமல், "விடும்மா, சித்தப்பா பாவம்" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கொக்கு சோற்றிலிருந்து கையை எடுத்தான். தட்டைக் கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டு வெளியே போனான். பிள்ளை அன்று சாயங்காலம் வரை அழுதாள்.

கயிறை அவன் அதன்பின் தொடவேயில்லை. மெஷினை அவன் எடுத்துக்கொண்டான், கயிறும் காவலும் என் வேலையாயின. வேலை என்னவோ ஒழுங்காகத்தான் செய்தான். ஆனால் போன மழைக்கப்புறம் எனக்குச் சில விஷயம் உறுத்த ஆரம்பித்தது. மரத்தைச் சுற்றி வந்து அண்ணாந்து பார்ப்பதை நிறுத்திவிட்டான். மரம் முறியத் தொடங்கியதும் விலகாமல், ஒரு நொடி கூடுதலாக அங்கேயே நின்றான். "ஏண்டா நிக்கற?" என்றால், "கால் மரத்துப்போச்சு அண்ணி" என்பான். நானும் நம்பினேன். இல்லை, நம்ப ஆசைப்பட்டேன்.

குடோன் மரத்தில் அவன் வாய் வெட்டை முடித்தபோது நான் காலி மனையைச் சுற்றி வந்து ஆள், மாடு, குழந்தை யாருமில்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். அப்போதுதான் அவனுக்குப் பின்னால் கிடந்ததைக் கவனித்தேன். பழைய டயர்கள், உடைந்த பலகைகள், துருப்பிடித்த தகரம். காலையில் வந்தபோது எப்படிக் கிடந்ததோ அப்படியே கிடந்தது. ஒரு டயரைக்கூட அவன் நகர்த்தவில்லை.

ஓடுற வழியே இல்லை.

மறந்திருப்பான் என்று வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் மெஷினைத் தூக்கினான். பிளேடைப் பக்கவாட்டில் குத்தவில்லை. நேராக மரத்தின் முதுகில் வைத்தான். பட்டை தூளாகப் பறந்தது.

இது மறதி இல்லை. இவன் செத்துப்போகத்தான் மெஷினை அங்கே வைத்திருக்கிறான்.

கத்தினால் அந்தச் சத்தத்தில் கேட்காது. ஓடுகிற மெஷினைப் பிடித்தவனைப் பின்னாலிருந்து தொடவும் கூடாது. நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டேன். காலி மனைப் பக்கம் ஓடி, மரம் எங்கே விழுமோ அந்த இடத்தில், அதன் தலைக்கு நேர் கீழே போய் நின்றேன். அங்கே நின்றால் மட்டும்தான் அவன் கண்ணில் படுவேன்.

அவன் நிமிர்ந்தான். மெஷின் நின்றது.

"அண்ணி! தள்ளுங்க! பைத்தியமா உங்களுக்கு?"

"எனக்கா பைத்தியம்? ஓடுற வழி எங்கடா?"

பின்னால் கிடந்த டயர்களைத் திரும்பிப் பார்த்தான்.

"கேக்கறேன்ல? வழி எங்க?"

"எதுக்கு அண்ணி வழி?" என்றான். கோபமில்லை, அழுகையில்லை. மணி என்ன என்று கேட்கிற மாதிரி கேட்டான்.

நான் அங்கேயே நின்றபடி வாய்க்கு வந்ததெல்லாம் திட்டினேன். உங்கண்ணனைத் தூக்கிக் குடுத்தது பத்தாதா, உன்னையும் பொறுக்கி எடுத்து மூட்டை கட்டணுமா, பிள்ளைக்கு நான் என்னடா பதில் சொல்வேன், பாவி என்றேன். கொஞ்ச நேரத்தில் திட்டு நின்று அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டு பார்த்தால், அவன் மெஷினைக் கீழே வைத்துவிட்டு மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"முடியல அண்ணி. கண்ணை மூடினா அந்தக் குரல்தான். மெஷின் சத்தத்துல வார்த்தை மட்டும்தான் கேட்டுச்சு. எப்படிச் சொன்னாருன்னு கேக்கல. கயிறா, கிளையா? நானும் திருப்பித் திருப்பிப் பாக்கறேன். கிளையச் சொல்லிருந்தா, எங்கண்ணனை நான்தானே கொன்னேன்?"

மரத்துக்கு அடியிலிருந்து நகர்ந்து அவன் பக்கத்தில் போனேன். அவர் முகம் கண்முன்னால் வந்தது. என்னை மன்னித்துவிடுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"கயிறைத்தான்டா."

நிமிர்ந்து பார்த்தான்.

"'கயிறை விடு'ன்னு முழுசா சொன்னாரு. உனக்குப் பாதிதான் கேட்டிருக்கு. எனக்கு முழுசாக் கேட்டுச்சு."

"அன்னிக்குக் கேக்கலன்னீங்க?"

"புருஷன் தப்பு பண்ணிட்டாருன்னு எந்தப் பொண்டாட்டிடா வாயத் திறந்து சொல்லுவா? கீல் தாங்கும்னு நெனச்சுட்டாரு. அவசரம். சாஞ்ச பக்கம் கால் வைக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, தானே போயி நின்னாரு. கணக்கு தப்பிப்போச்சு. அவரு சொன்னதைத்தான் நீ செஞ்சே."

"நெசமாவா அண்ணி?"

"நெசமாத்தான்."

கொக்கு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அண்ணன் செத்த அன்றுகூட அவன் அப்படி அழவில்லை. நான் அவன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரரின் பேரை அந்த மண்ணில் போட்டு நானே மிதித்துவிட்டேன் என்று இருந்தது.

மேனேஜர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்னம்மா, இன்னும் கீறலியா?" என்றார். "வர்றோம் சார், நீங்க ஜன்னலைச் சாத்துங்க" என்று அதட்டினேன்.

பிறகு இருவருமாக டயர்களை உருட்டி ஓரம் தள்ளினோம். பலகை, தகரம் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினோம். கொக்கு அந்த வழியில் ஒருமுறை நடந்து பார்த்துக் காலில் இடறிய ஒரு கல்லைத் தூக்கி எறிந்தான். அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. முதுகில் போட்ட கீறல் பட்டையோடு நின்றிருந்தது, நல்லவேளை. மெஷினை ஸ்டார்ட் பண்ணி, பிளேடின் நுனியில் கீழ்ப்பக்கத்தை முதலில் கொடுத்து, மெல்லப் பக்கவாட்டில் நுழைத்தான். மேல்பக்கம் பட்டால் மெஷின் திருப்பி அடிக்கும். மரத்தூள் வெள்ளையாகக் கொட்டியது. கீலை விட்டான், பிடியை விட்டான், நடுவை அறுத்து முடித்தான். பிளேடை வெளியே எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

மனை காலியாக இருக்கிறதா என்று பார்த்துப் பிடியை அறுக்கச் சொல்வது என் வேலை. 'ம், போகலாம்' என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று கையைத் தூக்கினேன். வாயிலிருந்து அதுவாக வந்தது.

"விடு!"

அவன் பிடியை அறுத்தான். மெஷினோடு திரும்பி, சுத்தம் செய்த வழியில் நடந்து, டயர்களைத் தாண்டிப் போய் நின்றான். மரம் கீலில் மடங்கி, காலி மனையில் தன் நீளத்துக்குப் படுத்தது. தரை அதிர்ந்ததில் குடோன் ஜன்னல் கண்ணாடிகள் சடசடத்தன. அப்போதுதான் மேனேஜர் ஜன்னலைச் சாத்தினார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். மகளுக்கு அன்று விடுமுறை. மூவரும் உட்கார்ந்தோம். கொக்கு இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். "பாப்பா, உங்கம்மா சமையல் இன்னிக்குப் பரவால்ல, நாய் கூடச் சாப்பிடும்" என்றான். பிள்ளைக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில் அவன் சொல்லிவிட்டான்.

"உனக்கு ஒண்ணு தெரியுமா பாப்பா? அன்னிக்கு அப்பாதான் கயிறை விடச் சொல்லியிருக்காரு. அம்மாவுக்கு நல்லாக் கேட்டிருக்கு."

இதை நான் யோசிக்கவேயில்லை. பொய்யை ஒருத்தன் காதில் போட்டால் அது அங்கேயே இருக்கும் என்று நினைத்துவிட்டேன், முட்டாள்.

மகள் சிரிப்பை நிறுத்தினாள். சுவரில் ஆணியில் தொங்கிய அவர் ஹெல்மெட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பாவா தப்பு பண்ணாரு?"

கொக்கு என் பதிலுக்காகக் காத்திருந்தான். பிள்ளையும் காத்திருந்தாள். மரத்திடம் சொன்னால் மரம் கேட்கும் என்று நம்பி வளர்ந்த பிள்ளை.

"ஆமா," என்றேன். "அப்பாதான்."

சொன்னதும் என்னால் தாங்க முடியவில்லை. தட்டின் முன்னாலேயே உடைந்து அழுதேன். மகள் எழுந்து வந்து என் முதுகில் கை வைத்தாள்.

"விடும்மா!" என்றாள். பிறகு மெதுவாக, இழுத்து, "விடு…"

அச்சு அசல் அவர் குரல். முதலாவது பெரிதாக, இரண்டாவது தலையைத் தடவுகிற மாதிரி. அவரிடமிருந்துதான் அவளுக்கு அது வந்திருக்கிறது. அவளுக்கே அது தெரியாது.

நான் கொக்கைப் பார்த்தேன். அவன் கை சோற்றில் அப்படியே நின்றிருந்தது. அவனும் அந்தக் குரலில்தானே வளர்ந்தான். சின்ன வயதில் கீழே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தபோதெல்லாம் அவனுக்கும் அதைத்தானே சொல்லியிருப்பார். அன்றைக்கு மெஷின் சத்தத்தில் கேட்காமல்போனது இப்போது அவனுக்குக் கேட்டுவிட்டது. அவன் முகத்தைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. கிளையைத்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நான் பொய் சொன்னேன் என்பதும், எதற்குச் சொன்னேன் என்பதும் தெரிந்துவிட்டது.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவான் என்று நினைத்தேன். எழுந்து போனால் அவனை இனி நான் எங்கே போய்த் தேடுவேன்?

அவன் எழுந்திருக்கவில்லை. கண்ணீர் வழிய வழிய மிச்சச் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தான். மென்று விழுங்க அவன் பட்ட பாட்டைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அண்ணி," என்றான்.

"என்னப்பா?"

"அடுத்த மரத்துக்கு ஓடுற வழிய நானே சுத்தம் பண்ணிடறேன்."